கிளாரன்ஸ் ஆஷ்லியின் பாஞ்சோ சுதியும் அட்டன் மழையில் தொய்யும் தோலும்

பனிமூட்டம் (அட்டன், இலங்கை மலையகம்):
அமெரிக்கப் பாடகர் ஆஷ்லி 1929இல் பதிந்த 'கூ கூ பேர்ட்' பாட்டு, ஐந்து தந்தி பாஞ்சோவில் வழக்கமான ஜீ சுதி வைத்தால் அப்படிக் கேட்பதில்லை. என்ன சுதி? ஆள் யார்? இன்னொன்று, என்னுடையது தோல் போட்டது. மழை நாளில் தந்தி மெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பியில்) உரசி இரைகிறது. தப்பு மாதிரி நெருப்பில் காய்ச்சலாமா?

மூன்றாம்_தந்தி:
சுதி, ஐந்தாம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை, ஜீ டீ ஜீ சீ டீ. வழக்கமான சுதியில் இரண்டாம் தந்தியை மட்டும் பீயிலிருந்து சீக்கு அரைச்சுரம் ஏற்றுங்கள். நம் கணக்கில் மூன்றாம் தந்தி ச என்றால், இரண்டாவது அந்தர காந்தாரத்திலிருந்து சுத்த மத்திமத்துக்குப் போகிறது. திறந்த தந்திகளில் காந்தாரமே இல்லை. அந்தப் பிடிபடாத நிறம் அதனால்தான். விரலால் மேலே இழுக்காதீர்கள். நகத்தின் முதுகால் கீழே அடித்து, கட்டைவிரலால் ஐந்தாம் தந்தியைத் தட்டுவதுதான் கிளாஹாமர் என்ற வாசிப்பு முறை.

லேகியக்கடை:
1895இல் டென்னசி பிரிஸ்டலில் பிறந்தவர். 1911இல் மருந்து விற்கும் கூத்துக் குழுவில் சேர்ந்தார்: பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்து மருந்து விற்பது. சம்பள நாளில் டவுனில் லேகியம் விற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன பாட்டு டென்னசி ஜோன்சன் சிட்டியில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் பதிந்தது. 1933க்குப் பிறகு பல ஆண்டு இசைத்தட்டு இல்லை. 1952இல் ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்ட பழைய பாட்டுத் தொகுப்பில் அது மறுபடி வந்தது. 1960இல் யூனியன் குரோவ் ஃபிடில் போட்டியில் நாட்டுப்பாட்டு ஆர்வலர் ரால்ஃப் ரின்ஸ்லர் ஆளையே கண்டார். அதன் பிறகு ஆஷ்லி செய்த புதுப் பதிவுகளில் கூட வாசித்த கிட்டார் கலைஞர் டாக் வாட்சன்தான் பிறகு பெரும் பேர் எடுத்தார். ஆஷ்லி 1967இல் காலமானார்.

குதிரைப்பிடி:
நெருப்பில் காய்ச்சவே காய்ச்சாதீர்கள். பாஞ்சோ வளையம் பெரும்பாலும் பசை போட்டு ஒட்டிய மரம், சூட்டில் விட்டுப்போகும். ஈரத்தில் தோல் தொய்ய, குதிரை (தோல்மேல் நின்று தந்தியைத் தாங்கும் கட்டை) கீழே இறங்குகிறது, தந்தி மெட்டுக்குக் கிட்ட வருகிறது, அதுதான் இரைச்சல். தந்தியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, சுற்றியுள்ள நட்டுகளை எதிரெதிராகக் கால் திருகு மட்டும் இறுக்குங்கள். ஒரே பக்கமாகப் போனால் வளையம் சாயும். மழையில் இறுக்கியதைத் தை, மாசி வெயிலுக்கு முன் தளர்த்த மறக்கக்கூடாது. காய்ந்த தோல் சுருங்கி ஓரத்தில் கிழியும். கடைசியாகக் குதிரையின் இடம்: பன்னிரண்டாம் மெட்டில் தொட்டெடுக்கும் நாதமும் அழுத்திய சுரமும் ஒன்றாக வேண்டும். அழுத்தியது சுதி கூடினால் குதிரையை வால்பக்கம், அதாவது தந்தி கட்டிய முனைப் பக்கம், நகர்த்துங்கள்.

மூன்றாம்_தந்தி:
அந்த மலைக்கு பிளாஸ்டிக் தோல்தான் சரி, ஈரம் தொடாது. ஓசை கொஞ்சம் கூர்மையாகும். அதைத் தணிக்க உள்ளே துணி மடித்து வையுங்கள். கடையில் வெறுமனே பாஞ்சோ என்று கேட்டால் கட்டை அழுத்தி வாசிக்கும் புல்புல்தாராவை எடுத்து நீட்டுவார்கள். ஐந்து தந்தி பாஞ்சோவுக்குத் தோல், 11 அங்குலம் என்று சொல்லிக் கேளுங்கள்.