10,000 டாலருக்கு மேல் கொண்டுபோனால் பிடித்துக்கொள்வார்களா? 29ஆம் தேதி விமானம், யாராவது சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறை தென்னை:
வணக்கம். ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுதுகிறேன், தூக்கம் வரவில்லை. எனக்கும் மனைவிக்கும் ஐந்து வயதுப் பெண்ணுக்கும் பிஆர், அதாவது வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை, வந்துவிட்டது, இன்னும் ஒன்பது நாளில், மார்ச் 29, கொச்சி நெடும்பாசேரியில் இருந்து கிளம்புகிறோம். தோப்பு விற்ற பணம் 38 லட்சம் இருக்கிறது. கையில் 10,000 டாலருக்கு மேல் இருந்தால் ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிக்கொள்வார்கள் என்று மச்சான் சொல்கிறான். அதனால் ஆளுக்கு 9,900 என்று மூன்று பேரும் பிரித்து வைத்துக்கொள், ஒரு பங்கைக் குழந்தையின் பொம்மைப் பைக்குள் போடு, குழந்தையை யார் சோதிக்கப் போகிறார்கள் என்கிறான். அதைக் கேட்டதில் இருந்து மனைவி அழுதுகொண்டே இருக்கிறாள். இப்படிப் பணம் கொண்டுபோனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சீக்கிரம் சொல்லுங்கள்.

பாறசாலை ஷார்ஜா:
தம்பி, பயப்படவே வேண்டாம். இங்கே ஒருவர் 60,000 திர்ஹம் வரைக்கும் எதுவும் எழுதிக் கொடுக்காமல் உள்ளே வரலாம். நான் 2009இல் வந்தபோது என் பையில் 300 திர்ஹமும் ஒரு பொட்டலம் பலாச்சக்கை வறுவலும்தான். எட்டுப் பேர் அறையில் மேல்கட்டில், ஏசிக்கு நேர் கீழே, ஒரு மாதம் காதில் பஞ்சு வைத்துப் படுத்தேன். முதல் சம்பளம் வரும்வரை குப்பூஸ் ரொட்டியும் தயிரும். 38 லட்சத்தோடு வருகிறவருக்கு என்ன கவலை என்று எனக்குப் புரியவில்லை.

குப்பம் டு டல்லாஸ்:
அண்ணா, வளைகுடாவில் நம்மைப் போன்றவர்களுக்குப் பிஆர் ஏது? அவர் வேறெங்கோ போகிறார். தம்பி, அமெரிக்கா என்றால் கணக்கு இது: 10,000 டாலருக்கு மேல் இருந்தால் பின்சென் 105 என்ற படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே குடும்பமாக வந்தால் எல்லோர் கையில் இருப்பதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். உங்கள் மச்சான் சொல்கிற மாதிரி ஆளுக்கு 9,900 வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு போனால் மொத்தமும் போய்விடும். 10,000க்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சொல்லாமல் கொண்டுபோவதுதான் தப்பு. சொன்னால் வரி கிடையாது, கட்டணம் கிடையாது.

பனியில் ஒரு பாலக்காட்டான்:
பிஆர் என்றால் கனடாதான், நான் சொல்கிறேன் கேளுங்கள். முடிந்த அளவு நோட்டாகவே கொண்டுவாருங்கள். நான் 2014 ஜனவரியில் எட்மன்டனில் இறங்கினேன், வெளியே மைனஸ் 27. ஊரில் எல்லோரும் வங்கி டிராஃப்ட்தான் பாதுகாப்பு என்றார்கள், நானும் எடுத்துக்கொண்டு வந்தேன். இங்கே ஒரு வங்கியில் போட்டால் மூன்று வாரம் அந்தப் பணத்தைத் தொட விடவில்லை. கணக்கில் பணம் இருக்கிறது, கையில் இல்லை. வீட்டுக்காரர் வேலைக் கடிதம் கேட்டார், இல்லை. கடன் வரலாறு கேட்டார், வந்து நாலு நாள் ஆனவனுக்கு என்ன வரலாறு? கடைசியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடித்தளத்தில் ஜன்னலே இல்லாத அறை. பொங்கல் அன்று ரைஸ் குக்கரில் பச்சரிசி போட்டு, வெல்லம் கிடைக்காமல் பழுப்புச் சர்க்கரை போட்டுப் பொங்கி, தனியாகத் தின்றேன். அந்தக் குக்கர் இன்னும் இருக்கிறது. கையில் ரொக்கம் இருந்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை.

நகரி அக்கா:
மெல்பர்னில் இருந்து எழுதுகிறேன். ரொக்கம் கொண்டுபோகாதீர்கள், கொண்டுபோகவே கூடாது. தொலைந்தால் யார் தருவார்கள்? இங்கேயும் 10,000 ஆஸ்திரேலிய டாலரோ அதற்கு மேலோ என்றால் சொல்லியாக வேண்டும். நாங்கள் எல்லாவற்றையும் வங்கி வழியாகத்தான் அனுப்பினோம். ஆனால் அந்த அனுப்புவதற்குள் பட்ட பாடு இருக்கிறதே! பாஸ்போர்ட்டில் என் மாமனார் பெயர் முழுதாக, பாஸ்புக்கில் இனிஷியல் மட்டும், பான் கார்டில் இனிஷியல் பின்னால். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நோட்டரியிடம் போனோம். ஊர்க் கிளையில் இருந்தவருக்கு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் படிவம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, புத்தூருக்குப் போங்கள் என்றார், புத்தூரில் திருப்பதிக்குப் போங்கள் என்றார். நிலப் பத்திரம் தெலுங்கில், அதை மொழிபெயர்க்கத் தனிச் செலவு.

வேலந்தாவளம்:
அக்கா, இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம். ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், மலையாளத்தில், அப்பா கையெழுத்து தமிழில், படிவம் இங்கிலீஷில். நம் மாநில எல்லைக்காரர்களுக்கு ரொக்கம் என்றாலே ஒளிக்கணும் என்றுதான் முதலில் தோன்றும், அதற்குக் காரணம் இருக்கிறது. தேர்தல் சமயத்தில் சோதனைச் சாவடியில் 50,000 ரூபாய்க்கு மேல் இருந்து காகிதம் இல்லை என்றால் எடுத்து வைத்துக்கொள்வார்கள். என் சித்தப்பா பொள்ளாச்சிச் சந்தையில் இரண்டு ஜோடி மாடு விற்றுவிட்டு மடியில் கட்டிக்கொண்டு வந்தார். மாடு விற்றதற்கு ரசீது எங்கே என்றார்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறோம், ரசீதா போடுவார்கள்? பணத்தைத் திரும்ப வாங்க மூன்று தடவை அலைந்தார். அந்தப் பழக்கம்தான் உங்கள் மச்சானுக்கும். இருந்தாலும் ஒரு யோசனை சொல்கிறேன், கொப்பரை வியாபாரி ஒருவரின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், இங்கே ரூபாய் கொடுத்தால் அங்கே கையில் டாலர் தருவார். எந்தத் தொந்தரவும் இல்லை.

குமுளி ஏலக்காய்:
அந்தக் கடைசி யோசனையை யாரும் கேட்க வேண்டாம். அதற்கு நம் ஊரில் பேரே இருக்கிறது, குழல்பணம். பெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டத்தில் மாட்டினால் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம்.

கொச்சியில் பணமாற்றுக் கவுண்டரில் ஆறு வருஷம் உட்கார்ந்தவன் நான். எல்லோரும் இறங்குகிற ஊரின் சட்டத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். முடிச்சு இங்கேதான் இருக்கிறது. இந்தியாவை விட்டுக் கிளம்பும்போது, ஈராக், ஈரான், ரஷ்யா மாதிரிச் சில நாடுகளைத் தவிர, ஒருவர் வெளிநாட்டு நோட்டாக வாங்கிக்கொள்ள முடிவது 3,000 அமெரிக்க டாலர் மதிப்புக்குத்தான். மீதியை டாலர் ஏற்றிய கார்டிலோ வங்கி வழியாகவோதான் கொண்டுபோக முடியும். இந்திய ரூபாய் 25,000க்கு மேல் எடுத்துப் போகக் கூடாது. ஆகவே ஆளுக்கு 9,900 டாலர் நோட்டு என்ற பேச்சே இல்லை, எந்தக் கவுண்டரும் தராது. தருகிறேன் என்று ஒருவன் சொன்னால் அவனிடம் வாங்காதீர்கள். அப்புறம், 50,000 ரூபாய்க்கு மேல் டாலர் வாங்கினால் ரொக்கம் கொடுத்து வாங்க முடியாது, உங்கள் கணக்கில் இருந்துதான் போகணும்.

இனி தம்பி வாயைத் திறக்கட்டும். எந்த நாடு? தோப்பு யார் பெயரில் இருந்தது? பணம் யார் கணக்கில்? எல்லாம் கணக்கில்தானா?

கொழிஞ்சாம்பாறை தென்னை:
மன்னிக்கணும், சொல்ல விட்டுப்போச்சு. கனடா, டொரன்டோ. தோப்பு அப்பா பெயரில். 24 லட்சம் அப்பாவின் கணக்கில் இருக்கிறது. 14 லட்சம் வீட்டில் பீரோவுக்குள். ஐந்நூறு ரூபாய்க் கட்டு 28, ரப்பர் பேண்டு போட்டு, மனைவியின் கல்யாணப் புடவைக்குக் கீழே. வாங்கினவர் தேங்காய் மண்டிக்காரர், நோட்டெல்லாம் எண்ணெய் வாசம்.

குப்பம் டு டல்லாஸ்:
அடப்பாவி, இதை முதலிலேயே சொல்லக்கூடாதா?

பாறசாலை ஷார்ஜா:
தினம் 49,000 வீதம் கணக்கில் போட்டால் யாருக்கும் தெரியாது.

குமுளி ஏலக்காய்:
தெரியும் அண்ணா. சேமிப்புக் கணக்கில் ஒரு வருஷத்தில் போடும் ரொக்கம் 10 லட்சத்தைத் தொட்டால் வங்கியே வருமான வரித்துறைக்குச் சொல்லிவிடும், எத்தனை தவணையாகப் போட்டாலும் கூட்டிப் பார்ப்பார்கள். அந்த 14 லட்சத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள், அதை நம்பிப் பயணத் திட்டமும் போடாதீர்கள். நிலம் விற்ற பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது பொது விதி, விவசாய வருமானம் மட்டும் இருப்பவர்களுக்குச் சில விலக்கு உண்டு. ஆதாரத்தில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று பார்த்து ஆடிட்டர்தான் சொல்லணும். தோப்பு பாலக்காட்டுச் சித்தூர்–தத்தமங்கலம் நகராட்சி எல்லையில் இருந்து தள்ளி, கிராமத்து விவசாய நிலம் என்றால் விற்ற லாபத்துக்கு வரி இல்லை. ஆகவே கணக்கில் காட்ட வெட்கப்பட ஒன்றும் இல்லை, எழுதியதற்கும் வாங்கியதற்கும் உள்ள வித்தியாசம்தான் சிக்கல்.

24 லட்சத்துக்கு வருவோம். பணம் அப்பாவுடையது, ஆகவே அனுப்ப வேண்டியவர் அப்பா. ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம், அந்த எல்லைக்கு நீங்கள் பக்கத்தில்கூட இல்லை. கடிக்கப் போவது டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வங்கி பிடித்துக்கொள்ளும் வரி. ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகிற பங்குக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள், அதாவது ஒரே தடவையில் 24 அனுப்பினால் 2,80,000 ரூபாய் முடங்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரும்தான், ஆனால் எப்போது வரும்? நல்ல வேளை, இது மார்ச். அப்பா 31ஆம் தேதிக்குள் 10 லட்சம், ஏப்ரல் 1க்குப் பிறகு 10 லட்சம். மீதி 4 லட்சத்தை இப்போதே உங்கள் கணக்குக்கு மாற்றட்டும், அப்பா பிள்ளைக்குக் கொடுப்பதற்கு வரி இல்லை. அதில் நோட்டும் கார்டும் வாங்குங்கள். அப்பாவுக்குப் பான் கார்டு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

நகரி அக்கா:
பெயரையும் பாருங்கள்!!

பனியில் ஒரு பாலக்காட்டான்:
சரி, நான் ரொக்கம் என்று சொன்னது கொஞ்சம் அவசரம். இங்கே சில வங்கிகள் ஊரில் இருக்கும்போதே புதியவர்களுக்குக் கணக்குத் திறந்து தருகின்றன, எங்கள் காலத்தில் இது எனக்குத் தெரியாது. திறந்தவுடன் மூன்று எண்ணை எழுதி வையுங்கள்: கணக்கு எண், 5 இலக்கக் கிளை எண், 3 இலக்க வங்கி எண். ஒன்று விட்டுப்போனாலும் பணம் நடுவழியில் நிற்கும். ஒன்டாரியோவில் வீடு எடுத்தால் முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் சேர்த்துக் கேட்பார்கள், அதற்கு வேண்டியது இறங்கிய வாரத்தில் கைக்கு எட்டணும்.

இன்னொன்று. இங்கே 10,000 என்றால் கனடிய டாலர். நீங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கு 3,000 அமெரிக்க டாலர் வாங்கி ஒரே பையில் வைத்தால் 9,000, பத்துக்கு உள்ளேதானே என்று நினைப்பீர்கள். கனடிய டாலரில் அது 12,000ஐத் தாண்டும். இ677 என்று ஒரு படிவம், அதில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சொல்லாமல் பிடிபட்டால் எடுத்துக்கொண்டு அபராதம் போடுவார்கள். டிராஃப்ட், பயணியர் காசோலை ஏதாவது வைத்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். தோப்பு ஆதாரத்தின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் பேங்க் ஸ்டேட்மென்டும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதீர்கள்.

வேலந்தாவளம்:
நகை?

குமுளி ஏலக்காய்:
நகை பணம் ஆகாது, ஆனால் எழுதணும். கிளம்பும்போது ஏர்போர்ட் கஸ்டம்ஸில் காட்டி ஒரு சான்று வாங்கிவிட்டால், பின்னால் ஊருக்கு வரும்போது புதுசா வாங்கினாயா என்ற கேள்வி வராது. அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஏர்போர்ட்டுக்குப் போகணும். கனடாவில் இறங்கும்போது கொடுக்கும் பொருள் பட்டியலிலும் நகையைப் படத்தோடு எழுதுங்கள்.

கொழிஞ்சாம்பாறை தென்னை:
எல்லோருக்கும் நன்றி. இன்று ஏப்ரல் 4, வந்து ஐந்து நாள் ஆகிவிட்டது, இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது. நீங்கள் சொன்னபடியே அப்பா முதல் 10 லட்சத்தை அனுப்பினார். நகரி அக்கா வாக்கு பலித்தது, இனிஷியல் பொருந்தவில்லை என்று கிளையில் இரண்டு நாள் இழுத்தார்கள், ஆனால் போய்விட்டது. அப்பா மாற்றிய 4 லட்சத்தோடு எங்கள் சேமிப்பையும் சேர்த்து வாங்கிய 9,000 அமெரிக்க டாலரை என் பையிலேயே வைத்தேன். டொரன்டோவில் இறங்கி, பணம் இருக்கிறது என்று சொன்னதும் தனியாக ஒரு கவுண்டருக்கு அனுப்பினார்கள். ஒரு பெண் அதிகாரி மேசையில் வைத்து இரண்டு தடவை எண்ணினார், எங்கிருந்து வந்தது என்றார், மொழிபெயர்ப்பைக் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு, எத்தனை தென்னை என்று கேட்டார். 140 என்றேன். சட்டத்துக்காகக் கேட்டாரா சும்மா கேட்டாரா தெரியவில்லை. படிவத்தில் முத்திரை குத்திப் பிரதி கொடுத்துப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார், மொத்தம் 25 நிமிடம். அதற்குள் என் பெண், அப்பாவைப் பிடிச்சுட்டாங்களா என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். நல்லவேளை தமிழில்.

இரண்டாவது 10 லட்சம் நேற்று கிளம்பியிருக்கிறது. பீரோ அப்படியே இருக்கிறது. அப்பா இப்போது அந்த அறையில்தான் கட்டில் போட்டுப் படுக்கிறாராம்.

குமுளி ஏலக்காய்:
திங்கட்கிழமை ஆடிட்டரிடம் போகச் சொல். ஆதாரத்தின் நகலோடு.

பனியில் ஒரு பாலக்காட்டான்:
குழந்தைக்குப் பூட்ஸ் வாங்கியாச்சா? ஏப்ரல்தானே என்று இருந்துவிடாதீர்கள்.