லோனாவ்லா அச்சு லட்சுமி படம்: வாங்குவதற்கு முன் ஓர் ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்குச்சட்டி தேடிச் சென்ற நான், ஒரு கடையின் பின்கட்டில், பாகம் பிரித்த வீடொன்றிலிருந்து வந்த சாமான்களுக்கிடையே, தேக்குச் சட்டமிட்ட லட்சுமி படம் ஒன்றைக் கண்டேன். தேவியின் புடவையில் மங்கிய ஜரிகையும் சமிக்கியும் ஒட்டப்பட்டுள்ளன. கீழ் ஓரத்தில் ‘ரவி வர்மா பிரஸ், கார்லா-லோனாவ்லா’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியுள்ளது. விலை 18,000 ரூபாய் என்கிறார் கடைக்காரர்.

ஓவியர் ராஜா ரவி வர்மா 1894இல் மும்பையில் தொடங்கிய அந்த அச்சகம் பிறகுதான் மகாராஷ்டிர மலைநகரான லோனாவ்லா பக்கம் சென்றது என்பதால், இது முதல் சில ஆண்டுகளின் அச்சு அன்று என்பது வரை எனக்குப் புரிகிறது. அந்தக் காலக் கல்லச்சில் (கல்லில் வரைந்து அச்சிடும் முறை) வண்ணப் புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். பிற்கால ஆஃப்செட் இயந்திர மறுபதிப்பிலோ அவை வரிசை பிசகாமல் நிற்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது முகம் கல்லச்சாகவே தோன்றியது. ஆனால் சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை. பின்பலகை கறுத்திருக்க, அதிலுள்ள ஆணிகள் மட்டும் புதிதாகப் பளபளப்பதுதான், பழைய சட்டத்தில் வேறு படத்தை மாற்றி வைத்திருப்பார்களோ என்று என்னை உறுத்துகிறது. (தூக்குச்சட்டி கிடைக்கவில்லை என்பது வேறு கதை.)

கண்ணாடி வழியாகவே உறுதிசெய்யக்கூடிய வேறு அடையாளங்கள் உண்டா, இந்த விலை நியாயமானதா, தாமரையருகே படர்ந்துள்ள ஈரக்கறையைக் காகிதத்துக்குக் கேடில்லாமல் நீக்கித் தருவோர் மதுரைப் பக்கம் இருக்கிறார்களா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். வெள்ளிக்கிழமை வரை யாருக்கும் விற்காமல் வைத்திருப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.