மான்ஸ்டர் தொடருக்குப் பின் எதைப் பார்க்கலாம்?

கேள்வி

நவோகி உராசாவாவின் மான்ஸ்டர் அனிமேயின் (ஜப்பானிய அசைபடத் தொடர்) 74 அத்தியாயங்களையும் பார்த்து முடித்துவிட்டேன். இதைப் போன்ற வேறு தொடர் எது என்று தேடினால், எங்கு பார்த்தாலும் டெத் நோட் என்ற பெயரே முதலில் வந்து நிற்கிறது. அதையும் பார்த்தேன். விறுவிறுப்புக்குக் குறைவில்லை என்றாலும் நான் தேடியது அதில் கிடைக்கவில்லை. மருத்துவர் டென்மா ஊர் ஊராக அலையும்போது, கொலைகாரன் யோஹானைத் தேடும் கதை சற்றே ஒதுங்கிக்கொள்ள, குடியை விடப் போராடும் ஒரு முன்னாள் காவலரின் வாழ்க்கை நிதானமாக விரிகிறதே, அந்த நிதானம்தான் என்னைக் கட்டிப்போட்டது. மங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதைகளைப் படிப்பதிலும் எனக்குத் தயக்கமில்லை. முடிச்சுகளை அவிழ்த்துவிடாமல் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 1

அறிவுக்கூர்மை மிக்க ஒரு கொலைகாரனும் ஒரு துரத்தலும் இரண்டிலும் உண்டு என்பதற்காகவே டெத் நோட்டை இதனோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அங்கே இருவருக்கிடையிலான ஆட்டம்தான் கதை; மற்றவர்கள் பெரும்பாலும் காய்கள். மான்ஸ்டரில் ஓரமாக வந்துபோகிறவருக்கும் ஒரு கடந்தகாலம் இருக்கிறது.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது, அதே உராசாவாவின் புளூட்டோ. ஒசாமு தெசுகாவின் ஆஸ்ட்ரோ பாய் என்ற மங்கா வரிசையிலிருந்து ஒரு கதைப்பகுதியை எடுத்துக்கொண்டு, அதைக் கொலை வழக்கு விசாரணையாக 2003 முதல் 2009 வரை அவர் புதிதாக எழுதி வரைந்தார். 8 தொகுதிகளில் முடிந்துவிடும். துப்பறிபவரான கெசிஹ்ட் ஒரு ரோபோ. டென்மா பணியாற்றிய அதே டுசெல்டார்ஃப் நகரம் இங்கும் வருவதைக் கவனிப்பீர்கள். தொடக்கத்திலேயே, பார்வையற்ற முதிய இசையமைப்பாளர் ஒருவரிடம் பணியாளாக வந்து சேரும் நார்த் நம்பர் 2 என்ற ரோபோவின் கதை வருகிறது. ஆயுதங்கள் நிறைந்த தன் உடலை அங்கியால் மூடிக்கொண்டிருக்கும் அது, இனிப் போருக்குப் போக விரும்பாமல் பியானோ வாசிக்கக் கற்றுத்தருமாறு அவரிடம் கேட்கிறது. அவரோ எரிந்து விழுகிறார். கொலை விசாரணை அந்தப் பக்கங்களில் ஓர் அடிகூட நகர்வதில்லை, ஆனால் படித்து முடிக்கும்போது அந்த இழப்பு யாருடையது என்று நமக்குத் தெரிந்திருக்கும். 2023இல் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த அனிமேயும் 8 அத்தியாயங்கள்தான்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும்.

மறுமொழி 2

புளூட்டோவை நானும் வழிமொழிகிறேன். ஆனால் அதே ஆசிரியர் என்பதற்காக ட்வென்டியத் செஞ்சுரி பாய்ஸையும் அடுத்ததாக எடுத்துவிடாதீர்கள். சிறுவர்கள் விளையாட்டாக வரைந்த ஒரு சின்னம் பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு மதக்குழுவின் அடையாளமாக வந்து நிற்கும் அதன் தொடக்கம் அபாரமானது. ஆயினும் 22 தொகுதிகள் நீளும் அந்தக் கதை காலத்தில் முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருக்கும், நீங்கள் கேட்கும் நிதானம் அதில் குறைவு.

நான் பரிந்துரைப்பது, சற்று விலகித் தெரிந்தாலும், மகோட்டோ யுகிமுராவின் வின்லாந்து சாகா. வட ஐரோப்பியக் கடலோடிப் போர்வீரர்களான 11ஆம் நூற்றாண்டு வைக்கிங்குகளின் கதை என்றதும் போர்தானே என்று தள்ளிவிட வேண்டாம். கொல்வதற்கு ஒருவனுக்கு எப்போதாவது உரிமை உண்டா என்று டென்மாவைத் தின்ற அதே கேள்விதான் இங்கே நாயகன் தோர்ஃபினைத் தின்கிறது. 2023இல் வந்த இரண்டாம் சீசனில், அடிமையாகிவிட்ட அவன் எய்னார் என்பவனோடு சேர்ந்து காட்டை வெட்டி, அடிவேர்களைப் பிடுங்கிக் கோதுமை விளைவிக்கிறான். வாளே எடுக்காமல் அத்தியாயங்கள் கழிகின்றன. சலிப்பாக இருக்கிறது என்று பலர் அங்கேதான் நிறுத்துகிறார்கள். நீங்கள் அங்கேதான் தொடங்குவீர்கள் என்று நினைக்கிறேன்.

மறுமொழி 3

நீண்ட தொடருக்கு நேரமில்லை என்றால் 2021இல் வந்த ஆட் டாக்சி போதும், 13 அத்தியாயங்கள். வால்ரஸ் முகம் கொண்ட டாக்சி ஓட்டுநரும் அவருடைய பயணிகளும் வெட்டியாகப் பேசிக்கொள்வதுபோலத் தோன்றும் பேச்சுகளெல்லாம், காணாமல்போன ஒரு பெண்ணின் வழக்கோடு ஒவ்வொன்றாகப் பின்னிக்கொள்கின்றன. விலங்கு முகங்களைப் பார்த்துக் குழந்தைகளுக்கானது என்று எண்ணிவிடாதீர்கள்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. புளூட்டோவுக்கு முன் ஆஸ்ட்ரோ பாயைப் படித்திருக்க வேண்டுமா? வின்லாந்து சாகாவை நேரே இரண்டாம் சீசனிலிருந்து பார்க்கலாமா?

மறுமொழி 2

முதல் கேள்விக்கு, தேவையில்லை. ஆட்டம் (ஆஸ்ட்ரோ பாயின் ஜப்பானியப் பெயர்) என்ற ரோபோச் சிறுவன் யார் என்பது மட்டும் தெரிந்திருந்தால், அவன் மழையில் முதன்முதலாக வந்து நிற்கும் காட்சி கூடுதலாகச் சிலிர்க்க வைக்கும். இரண்டாவதற்கு, கூடாது. முதல் சீசனின் 24 அத்தியாயங்களில் பழிவாங்கலைத் தவிர வேறெதையும் அறியாதவனாகத் தோர்ஃபினைப் பார்த்திருந்தால்தான், பண்ணையில் அவன் இரவுகளில் அலறி விழிப்பதன் கனம் புரியும்.