திறக்க மறுத்த பூட்டு: ஒரு தண்ணீர் ராக்கெட் அனுபவம்

கயிற்றை இழுத்தேன். ராக்கெட் கிளம்பவில்லை. ராக்கெட் என்றால், கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஏவுமேடையில் தலைகீழாகப் பூட்டி, பம்பால் காற்றடைத்த குளிர்பான பாட்டில்; கயிறு பூட்டைத் திறந்தால் தண்ணீரைக் கீழே பீய்ச்சிக்கொண்டு மேலே பாய வேண்டும். இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். ஏவுமேடைப் பலகை ஒரு சாண் நகர்ந்து சரிய, பாட்டில் வேப்பமரத்தடியைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. உள்ளே சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அழுத்தத்தில் காற்று. மரத்தடியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்.

"நான் போய் நிமிர்த்திவிடுகிறேன் சார்" என்று ஒரு பையன் ஓடினான். சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். அந்த நொடியில்தான் உறைத்தது: அடைத்த காற்றை வெளியே விட வழியே வைக்காமல் நான் ஒரு கருவி செய்திருக்கிறேன். பம்புக்கும் பாட்டிலுக்கும் நடுவே இருந்தது ஒருவழி வால்வு. அழுத்தமானியோ பம்பின் பக்கம். பாட்டிலுக்குள் இப்போது எவ்வளவு காற்று இருக்கிறது என்று பார்க்கக்கூட முடியாது.

பிள்ளைகள் எல்லாரையும் வகுப்பறைக்குள் அனுப்பிவிட்டு, தண்ணீர்த் தொட்டிச் சுவருக்குப் பின்னால் குந்தியபடி, முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டியால் பூட்டுக் கம்பியைக் கொக்கி போட்டு இழுத்தேன். ராக்கெட் தரையை உரசிக்கொண்டு போய் மதிலில் மோதி நசுங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

உலக விண்வெளி வாரத்துக்காக, அக்டோபர் 4 முதல் 10 வரை, பள்ளியில் தண்ணீர் ராக்கெட் விடுவது எங்கள் வழக்கம். 1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் ஏவப்பட்டது. அதன் நினைவாகத்தான் வாரம் அந்தத் தேதியில் தொடங்குகிறது. ராக்கெட்டுக்கு இறக்கை ஒட்டுவது, மூக்கு செய்வதெல்லாம் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். ஏவுமேடை என் பொறுப்பு. அதைத்தான் நான் அலட்சியமாகச் செய்திருந்தேன்.

மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குளிர்பான பாட்டிலின் வாய் உள்விட்டம் ஏறக்குறைய 21.7 மில்லிமீட்டர், அதாவது 3.7 சதுர சென்டிமீட்டர் பரப்பு. 60 பவுண்டு என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4.2 கிலோ. பெருக்கினால் 15½ கிலோ. அவ்வளவு எடையைத் தூக்கும் விசையை, பாட்டில் மூடியை ஒட்டியிருக்கும் கழுத்து வளையத்தின் மேல் குறுக்கே செருகிய, இரண்டு கால்கள் கொண்ட கம்பி ஒன்று தாங்கிக்கொண்டிருந்தது. காற்று ஏற ஏற வளையம் கம்பியை நெருக்குகிறது, உராய்வு கூடுகிறது. இழுவையும் பக்கவாட்டில் இருப்பதால் கம்பி உருவுவதற்கு முன் பலகைதான் நகரும். இந்தப் பூட்டு எளிதாகத் திறப்பது அழுத்தம் குறைவாக இருக்கும்போது மட்டும். நான் சோதித்துப் பார்த்ததோ 20 பவுண்டில்.

புதிய ஏவுமேடைக்கு, தண்ணீர் ராக்கெட் ஆர்வலர்கள் பல நாடுகளிலும் பல வருடங்களாகச் செய்துவரும் கேபிள் டை (வயர்களைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) முறையை எடுத்துக்கொண்டேன். பாட்டில் வாய்க்குள் போகும் குழாயைச் சுற்றி 12 டைகளை நெருக்கமாக நிறுத்தி, வால் பகுதியைக் கீழே கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். டைகளின் தலைகள் பாட்டிலின் கழுத்து வளையத்துக்கு மேலே கொக்கிபோல அமரும். அந்தத் தலைகளை வெளியிலிருந்து கவ்வ, சற்றுப் பெரிய குழாயில் அறுத்த ஒரு வளையம். அது மேலே இருக்கும்வரை தலைகள் விரிய முடியாது. கீழே இறக்கினால் பன்னிரண்டும் ஒரே நேரத்தில் விலகிவிடும். ஒவ்வொரு டையும் சுமப்பது 1.3 கிலோதான். விசை சுற்றிலும் சமமாகப் பிரிவதால் பாட்டில் எந்தப் பக்கமும் சாய்வதில்லை. கயிற்றை வளையத்தின் இரு பக்கமும் கட்டி, பலகையில் போட்ட துளைகள் வழியாகக் கீழே விட்டு, பிறகுதான் நம் பக்கம் கொண்டுவர வேண்டும். நாம் எங்கே நின்று இழுத்தாலும் வளையம் நேராகக் கீழேதான் இறங்கும். எனக்கு இந்த ஏவுமேடையில் மிகப் பிடித்த இடம் அந்தத் துளைகள்.

குழாய் வாங்குவதில் ஒரு நாள் வீணாயிற்று. கடையில் அரை அங்குலம் என்று கேட்டால் இரண்டு வகை தருவார்கள். வயலுக்குப் போடும் சாம்பல் நிறக் குழாயின் வெளிவிட்டம் 20 மில்லிமீட்டர். வீட்டுக் குழாய் வேலைக்கு வரும் வெள்ளை யு.பி.வி.சி. 21.3. முதல் வகை பாட்டில் வாயில் லொடலொடவென்று ஆடும், ஓ-ரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) போட்டாலும் ஒழுகும். இரண்டாவது அச்சாகப் பொருந்தும். ஓ-ரிங்குக்குக் காடி போட லேத் பட்டறை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் குழாயின் வாயைப் பார்த்துவிட்டு, "சார்வாள், இந்தச் சுவரில் காடி வெட்டினால் மிச்சம் என்ன இருக்கும்? தடித்த குழாய் கொண்டுவாருங்கள்" என்று திருப்பி அனுப்பினார். எண்பதாம் ஷெட்யூல் குழாய் வாங்கிப் போனேன். வெளிவிட்டம் அதேதான், சுவர் மட்டும் தடிமன்.

அவர் இன்னொன்றும் சொன்னார்: பி.வி.சி. குழாயைக் காற்றுத் தொட்டியாக ஒருபோதும் வைக்கக் கூடாது. குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு தண்ணீருக்கானது. தண்ணீர் நிறைந்த குழாய் விரிசல் விட்டால் ஒழுகி நின்றுவிடும். காற்று அடைத்த குழாய் உடைந்தால் சில்லுகள் கத்திபோலப் பறக்கும். ஆகவே எங்கள் ஏவுமேடையில் பி.வி.சி. என்பது பாட்டில் வாய்க்குள் போகும் அந்தச் சாண் நீளத் துண்டு மட்டும். மற்றதெல்லாம் நூல் பின்னிய ரப்பர் ஹோஸ், பித்தளை இணைப்பு. பாட்டிலும் சோடா வகைதான், வெறும் குடிநீர் பாட்டில் ஆகாது. புதிய பாட்டிலை முதலில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்ப்போம். அப்போது விரிசல் விட்டாலும் தண்ணீர் சிந்துவதோடு போகும்.

வால்வுக்கு வருகிறேன். பழைய சைக்கிள் டியூப்பின் வால்வைத்தான் முதலில் வெட்டிப் பொருத்தியிருந்தேன். அதன் சின்ன ரப்பர் உறை திறக்கவே தனியாக அழுத்தம் வேண்டும், அதனால் பம்பில் தெரியும் அளவு பாட்டிலுக்குள் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். இப்போது பைக் டியூப் வால்வு. அதற்கு அடுத்து 'T' வடிவ இணைப்பு ஒன்று, அதில் அழுத்தமானியும், கைப்பிடியைத் திருப்பித் திறக்கும் கால் அங்குலப் பால் வால்வும் (ball valve). பிறகு 5 மீட்டர் ஹோஸ், கடைசியில் ஏவுமேடை. இந்த வரிசை மாறக் கூடாது. ஒருவழி வால்வுக்கும் பாட்டிலுக்கும் நடுவே இருந்தால்தான் மானி உண்மையைச் சொல்லும், பால் வால்வு பாட்டிலைக் காலி செய்யும்.

இந்த வருடம் மூன்றாவது ராக்கெட்டில் மறுபடியும் சிக்கியது. கயிறு இழுபட்டது, வளையம் பாதியில் நின்றுவிட்டது. யாரும் நகரவில்லை. போன தடவை ஓடிய அதே பையன்தான் பம்பு பக்கம் இருந்தான். என்னைப் பார்த்தான், தலையசைத்தேன். பால் வால்வைத் திருப்பினான். முதலில் பாட்டில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து அவன் காலை நனைத்தது, பிறகு காற்று. முள் 55-இலிருந்து இறங்கிப் பூஜ்யத்தில் அமரும்வரை அவன் கண்ணை எடுக்கவில்லை. அதன் பிறகே ஏவுமேடைக்குப் போனோம். வளையத்துக்குள் மைதானத்து மணல். கழுவி, சோப்புத் தண்ணீர் தடவி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி மறுபடி பூட்டினோம். கயிற்றை இந்தத் தடவை அவன் கையில் கொடுத்தேன்.