பேர்த்தகடு இல்லாத டோசர் பிளேடு: ஹைட்ராலிக் சாமான் எங்கே கிடைக்கும்?

பேராவூரணி கடைமடை:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு பேராவூரணிப் பக்கம், கல்லணைக் கால்வாய்ப் பாசனத்துல கடைசி. வீட்ல பழைய மாசி 1035 ட்ராக்டர் இருக்கு. அதுக்கு முன்பக்கம் மாட்டுற டோசர் பிளேடு, அதாவது மண்ணைத் தள்ளுற இரும்புத் தகடு, அப்பா பழசா வாங்கினது. செஞ்ச கம்பெனி எதுன்னே தெரியல. பேர்த்தகடு இருந்த இடத்துல இப்ப ரெண்டு ரிவிட் ஓட்டைதான் மிச்சம்.

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப ஜேசிபி கிடைக்காம ஊரே தவிச்சுது. விழுந்து கெடந்த தென்னையெல்லாம் தள்ளித் தெருவுக்கு வழி விட்டது இந்த பிளேடுதான். அதனால இதை இரும்புக்கடைக்குப் போட எனக்கும் மனசு வரல, அப்பாவுக்கும் வரல.

இப்ப என்னன்னா, பிளேடைத் தூக்கி நிறுத்திட்டு டீ குடிச்சுட்டு வந்தா தரையில உக்காந்திருக்கு. எண்ணெய் அழுத்தத்துல பிளேடைத் தூக்குற ரெண்டு சிலிண்டர்ல, எடதுபக்கத்துல ராடு வெளிய வர்ற வாயில எண்ணெய் வடியுது. அந்த ராட்ல நீளமா ஒரு கீறல், நகத்தை வச்சு இழுத்தா தட்டுது. எண்ணெய் போற ரப்பர் குழாய், ஒரு ஹோஸ், முட்டை மாதிரி வீங்கியிருக்கு.

பட்டுக்கோட்டையில ரெண்டு கடை, தஞ்சாவூர்ல ஒரு கடை ஏறி இறங்கிட்டேன். எங்க போனாலும் "கம்பெனி பேரு, மாடல் நம்பர் சொல்லுங்க"ன்னுதான் கேக்குறாங்க. ஒருத்தர் புது டோசரே வாங்கிடுங்கன்னுட்டார். அதுக்கு வசதியில்லீங்க.

ஜூன் 12-ல மேட்டூர் திறந்தா தண்ணி எங்ககிட்ட வந்து சேர்றதுக்குள்ள எட்டு மா நிலத்தைச் சமம் பண்ணியாகணும். நடுவுல மேடு, ஓரத்துல பள்ளம். மேட்டுல தண்ணி ஏறாம போன வருஷம் பயிர் காஞ்சுது, பள்ளத்துல அழுகிச்சு. இந்த சிலிண்டருக்கு சாமான் எங்க கிடைக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

துவாக்குடி லேத்:

தம்பி, கம்பெனி பேரைத் தேடுறதை விட்டுடுங்க. ஹைட்ராலிக் சாமானுக்கு ஊரு பேரு கிடையாது, அளவுதான் உண்டு. ட்ராக்டர் சிலிண்டர்ல எண்ணெய் கசியாம அடைக்கிற சீலும் கிரஷர்ல உள்ள சீலும் ஒரே அளவா இருந்தா ரெண்டும் ஒரே சீல்தான். எங்க லேத்துக்கு வர்ற சிலிண்டர்ல முக்காவாசிக்கு மேல பேர்த்தகடு இருக்காது. நாங்க பாத்து அனுப்பிக்கிட்டுதான் இருக்கோம்.

முதல்ல பழுது எங்கன்னு பாருங்க. பிளேடைத் தரையில இறக்குங்க. ரெண்டு சிலிண்டருக்கும் ராடு பக்கத்துப் பின்னைக் கழட்டி, லிவரைப் போட்டு முழுசா நீட்டுங்க. இன்ஜினை ஆஃப் பண்ணி, லிவரை முன்னும் பின்னும் நாலு தடவை ஆட்டுனா லைன்ல நிக்கிற பிரஷர் எறங்கிடும். அதுக்கு அப்பறம்தான் ஸ்பேனரை எடுக்கணும். ராடு பக்கத்து ஹோஸைக் கழட்டி, ஹோஸ் வாயை அடைச்சுட்டு, சிலிண்டர் வாய்க்குக் கீழ ஒரு டப்பா வைங்க. திரும்ப ஸ்டார்ட் பண்ணி நீட்டுற பக்கமே லிவரைப் பிடிங்க. டப்பாவுல எண்ணெய் விடாம ஒழுகினா, உள்ள ராடு முனையில இருக்கற பிஸ்டனோட சீல் போயிடுச்சு. நாலு சொட்டோட நின்னுட்டா பிஸ்டன் நல்லா இருக்கு, லிவர் ஆட்டுற வால்வுலதான் கசியுது. ரெண்டு சிலிண்டரையும் தனித்தனியா பாருங்க. ரெண்டும் ஒரே லைன்ல இருக்கறதால ஒண்ணுல விட்டாலும் பிளேடு இறங்கும்.

ராடு நகத்துல தட்டுதுன்னு சொல்றீங்க. அது மேல புது சீல் போடாதீங்க, அந்தக் கீறல் ஒரு வாரத்துல சீலை அறுத்துடும். ஹார்டு குரோம் பூசின ராடு அடிக்கணக்குல விக்கிறாங்க, திருச்சியிலயே கிடைக்கும். பழைய ராடோட கண்ணை (பின் மாட்டுற வளையத்தை) அறுத்து எடுத்து புது ராட்ல வெல்டு வச்சு, மறுமுனையில மரை போட்டா முடிஞ்சுது. வெல்டு பண்றப்ப குரோம் மேல பொறி தெறிக்காம ஈரச்சாக்கு சுத்தச் சொல்லுங்க. பேரலுக்குள்ள, அதாவது சிலிண்டர் குழாய்க்குள்ள, டார்ச் அடிச்சுப் பாருங்க. துருப்பள்ளம் இல்லாம லேசாக் கோடு மட்டும் இருந்தா ஹோனிங்ல (உள்பக்கத்தைத் தேய்ச்சு வழவழப்பாக்குறதுல) போயிடும்.

சீலுக்கு அளவு எடுக்கறப்ப பழைய சீலை அளக்காதீங்க, எண்ணெயில ஊறி உப்பியிருக்கும். அது உக்காந்திருந்த காடியை வெர்னியர்ல அளங்க. ராடு தடிமன், பேரல் உள்விட்டம், காடி அகலம், காடி ஆழம். இந்த நாலையும் தாள்ல எழுதிக்கிட்டுப் போனா சீல் கடையில ஒரு கேள்வியும் கேக்க மாட்டாங்க.

வடுவூர் பெரியவர்:

லேத்துக்காரத் தம்பி சொன்னது அத்தனையும் சரி. நான் எண்ணெயைப் பத்தி மட்டும் சொல்றேன். உங்க டேங்க்ல உள்ள எண்ணெய் என்ன நிறம்னு பாத்தீங்களா தம்பி? பால் ஊத்தின டீ மாதிரி இருந்தா தண்ணி ஏறியிருக்கு. ஐப்பசி கார்த்திகை மழையில வெளியில நிக்கிற வண்டிக்கெல்லாம் மூடி வழியா இறங்கிடும். எனக்கு டிப்பர் டிரெய்லர்ல அப்படித்தான் ஆச்சு. புது சீல் போட்டு, எண்ணெயை மாத்தாம விட்டேன். பழைய எண்ணெயில கெடந்த இரும்புத்தூளும் சேறும் ஒரே அறுவடைக்குள்ள திரும்ப சீலைத் தின்னுடுச்சு. டேங்கைக் கழட்டி டீசல் ஊத்திக் கழுவி, பழைய துணியில துடைச்சு, ஃபில்டரை மாத்தி, 68 கிரேடு ஹைட்ராலிக் எண்ணெய் ஊத்துங்க. நம்ம வெயிலுக்கு அது தாங்கும்.

இன்னொண்ணு. அந்த வீங்கின ஹோஸை ஓட்டிப் பாக்கவே பாக்காதீங்க. ஊசிமுனை ஓட்டையில எண்ணெய் பீச்சினா கண்ணுக்கே தெரியாது. எங்க கசியுதுன்னு விரலை வச்சுத் தடவினா தோலைத் துளைச்சு உள்ள போயிடும். மேல பாத்தா எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், உள்ள சதை அழுக ஆரம்பிச்சிடும். அப்படி ஆனா ஒரு நிமிஷம் தாமதிக்காம பெரியாஸ்பத்திரிக்கு ஓடணும். கசிவு பாக்கறதுக்கு ஒரு அட்டையைப் பிடிங்க, கை வேண்டாம்.

பேராவூரணி கடைமடை:

ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. பத்து நாளா இதே வேலை. நடந்ததைச் சொல்லிடுறேன், பின்னால யாருக்காவது உதவும்.

டப்பா வச்சுப் பாத்தேன். எடது சிலிண்டர்ல எண்ணெய் குழாயில வர்ற மாதிரி வந்துச்சு, வலதுல சொட்டு மட்டும்தான். எடதைத் திறந்தா பிஸ்டன் சீல்ல பாதியைக் காணோம், துண்டு துண்டா டேங்க் அடியில கெடந்துச்சு. எண்ணெயும் பெரியவர் சொன்ன அதே பால் டீ நிறம். ராடு 35 மில்லி, பேரல் 63 மில்லி. தாளைக் கொடுத்ததும் சீல் கடைக்காரர் ஏணி போட்டு ஏறி, அஞ்சு நிமிஷத்துல எல்லாத்தையும் மேசை மேல அடுக்கிட்டார். மாடல் நம்பருக்காக நான் அலைஞ்ச அலைச்சலை நெனச்சேன்.

மாட்டுனா போதாது, யு எழுத்து வடிவத்துல இருக்கற சீலோட உதடு எண்ணெய் இருக்கற பக்கம் பாத்து நிக்கணும்னு அவரே காட்டினார். மரை சீலைக் கீறாம இருக்க ராடு நுனியில இன்சுலேஷன் டேப் சுத்தி, சீலை எண்ணெய் தடவி உள்ள தள்ளினோம். ராடு திருச்சியில வாங்கி தஞ்சாவூர் லேத்துல கண்ணு வச்சாங்க.

மாட்டிக்கிட்டது ஹோஸ்லதான். ரெண்டு கம்பிவலை உள்ள ஆர் 2 ஹோஸா, முனையில நட்டை அழுத்திப் பிடிச்சு கிரிம்ப் பண்ணி வாங்கிட்டு வந்து மாட்டுனா, நட்டு ஒண்ணரைச் சுத்து போயி இறுகிடுச்சு. பையன் ஸ்பேனருக்கு பைப் போட்டு இழுக்கலாம்னான். நான் விடல. கழட்டி எடுத்துக்கிட்டு இருபது கிலோமீட்டர் திரும்பப் போனேன். சிலிண்டர் வாய்ல இருந்தது அரை இஞ்சு பி.எஸ்.பி மரை (இஞ்சுக் கணக்கு), அவங்க கொடுத்தது எம் 22 (மில்லிமீட்டர் கணக்கு). வெர்னியர்ல வச்சா ஒண்ணு 21, ஒண்ணு 22. கண்ணால பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். மரை கேஜ் வச்சதும் தெரிஞ்சுபோச்சு, பி.எஸ்.பி-ல இஞ்சுக்கு 14 மரை. பைப் போட்டு இழுத்திருந்தா சிலிண்டர் வாயே போயிருக்கும்.

நேத்து காலையில மேட்டை வெட்டிப் பள்ளத்துல இறக்க ஆரம்பிச்சோம். மூணு மா முடிஞ்சுது. அப்பா வரப்புல நின்னு பிளேடையே பாத்துக்கிட்டிருந்தார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ராத்திரி தூக்கி வச்சா காலையில நாலு விரல்கடை இறங்கியிருக்கு. வால்வை மாத்தணுமா?

துவாக்குடி லேத்:

அவ்வளவுக்கு மாத்த வேண்டாம் தம்பி. வால்வுக்குள்ள லிவரோட நகர்ற உருளைக்கு ஸ்பூல்னு பேரு, அதுக்கு சீல் கிடையாது, பாடியோட ஜோடியா உரசிச் சேத்தது. முடி அளவு இடைவெளி இருந்தே தீரும், அது வழியா கொஞ்சம் எறங்கும். ஸ்பூலை மட்டும் தனியா வாங்கிப் போடவும் முடியாது, மாத்தறதா இருந்தா வால்வு முழுசா மாத்தணும். வேலை நடக்கறப்ப பிளேடு நிக்குதுன்னா இந்த வருஷம் ஓட்டுங்க. வண்டியை நிறுத்துறப்ப மட்டும் பிளேடைத் தரையில இறக்கி வச்சுட்டுப் போங்க, வீட்ல சின்னப் புள்ளைங்க இருப்பாங்க.