உடம்பு இளைச்சுட்டு வருது. ஒரு கடையில எம், இன்னொரு கடையில எக்ஸ்எல். எந்த அளவை நம்பி துணி எடுக்கிறது?

முல்லைக்கொடி:

வணக்கம். டாக்டர் சொன்ன சாப்பாட்டு முறையில 78 கிலோல இருந்து 69க்கு வந்திருக்கேன். இன்னும் 6, 7 கிலோ குறையணும். பழைய சுடிதார் எல்லாம் தொளதொளன்னு தொங்குது. புதுசு எடுக்கப் போனா ஒரு கடையில எம் கச்சிதமா இருக்கு, பக்கத்துக் கடையில எல் தோள்லயே மாட்டிக்குது. ஒரே கம்பெனி, ஒரே டிசைன், 40ன்னு போட்ட ரெண்டு குர்த்தி, கலர் மட்டும்தான் வேற. அதுல கூட ஒண்ணு இறுக்கமா இருக்கு, இன்னொண்ணு லூஸ்.

இப்போதைய அளவு: மார்பு 38, இடுப்பு 34, சீட் (பின்புறச் சுற்று) 41 இன்ச். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருது? இன்னும் இளைக்கப் போற உடம்புக்கு எந்த அளவுல எடுக்கணும்? பழசுல எதைப் பிடிச்சுத் தைக்கலாம், எதை விட்டுடணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கட்டிங்டேபிள்_திருப்பூர்:

வணக்கம் சகோதரி. முதல் கேள்விக்கு நான் சொல்றேன்.

டேக்ல 40ன்னு இருந்தா அதுக்கு ரெண்டு கணக்கு இருக்கு. சில கம்பெனி "40 இன்ச் மார்பு உள்ளவங்களுக்கு"ன்னு போடுவாங்க, அந்தத் துணியை அளந்தா 42, 43 வரும். சில கம்பெனி துணியோட சுற்றளவையே 40ன்னு போடுவாங்க, அது 37, 38 மார்புக்குத்தான் சரி. உங்க 38 மார்புக்கு முதல் கம்பெனியில 38 எடுக்கணும், ரெண்டாவதுல 40 எடுக்கணும். ரெண்டு பேரும் பொய் சொல்லல, கணக்கு வேற. எம், எல் எழுத்துக்கு இந்த அளவு பிடிமானம் கூட கிடையாது. வாங்குறவங்களுக்குச் சின்ன அளவு போட்ட திருப்தி கிடைக்கட்டும்னு பேட்டர்னை, அதாவது துணி வெட்டுற அச்சைப் பெருசாக்கி, எழுத்தை மட்டும் மாத்தாம விடுற கம்பெனிகள் நிறைய.

ஒரே அளவுல ரெண்டு கலர் மாறுறதுக்குக் காரணம் ஃபேக்டரிக்குள்ள இருக்கு. துணியை அடுக்கடுக்கா விரிச்சு ஒரே வெட்டா வெட்டுவோம். அடுக்கு உயரமா இருந்து பிளேடு லேசா சாஞ்சா மேல் பீஸும் அடி பீஸும் ஒரே அளவுல வராது. அப்புறம் தையல். சைடு தையல் வெறும் அரைக்கால் இன்ச் உள்ள தள்ளிப் போச்சுன்னு வைங்க. ரெண்டு சைடு, ஒவ்வொண்ணுலயும் முன் பாகம் பின் பாகம்னு நாலு இடத்துல சேர்த்து மொத்த சுற்றுல அரை இன்ச் போயிடும். செக்கிங்ல மார்புச் சுற்றுக்கு அரை இன்ச் கூடக் குறைய இருந்தா பாஸ் பண்றது வழக்கம். அப்ப ஒரே டேக் போட்ட ரெண்டு பீஸ் ஒரு இன்ச் வித்தியாசத்துல இருந்தாலும் ரெண்டுமே பாஸ்தான்.

கலரும் சேரும். அடர் கலருக்குச் சாயத்துல போற நேரம், கழுவல் எல்லாம் வேற, அதனால சுருக்கமும் வேற. பனியன் துணியில இன்னும் அதிகம். ரோலைப் பிரிச்சு ஒரு நாளாவது தளர விட்டுத்தான் வெட்டணும். ஷிப்மென்ட் அவசரத்துல உடனே வெட்டினா, இழுபட்டு நின்ன துணி தைச்சதுக்கு அப்புறம் சுருங்கும்.

திருப்பூர் காதர்பேட்டையில எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதியில மிஞ்சின துணி எடுக்கிறவங்க ஒண்ணு கவனிங்க. ஐரோப்பா லேபிள்ல இருக்கற 40 மார்பு இன்ச் கிடையாது. அதுவும் இங்கிலாந்து 12ம் அமெரிக்கா 8ம் ஏறக்குறைய ஒரே சைஸ். லேபிளைப் பார்க்காம டேப்பை வைங்க.

இன்ச்டேப்:

மேலே சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

பெண்கள் உடைக்குப் பொது அளவு கொண்டுவர அமெரிக்காவில் 1939–40இல் சுமார் 15,000 பெண்களை அளந்தார்கள். அந்த அளவீடுகளைக் கொண்டு 1958இல் ஒரு தர அளவு வெளியிட்டார்கள். கம்பெனிகள் அதன்படி நடக்கவில்லை, 1983இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். நம் நாட்டில் நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) மத்திய ஜவுளி அமைச்சகத்தின் உதவியோடு 25,000க்கும் மேற்பட்டவர்களை 3டி ஸ்கேனரில் அளக்கும் திட்டத்தை எடுத்தது. ஆனால் கடையில் தொங்கும் துணி இன்றும் அந்தந்தக் கம்பெனியின் சொந்தக் கணக்கில்தான் வருகிறது. எனவே டேக்கில் சென்டிமீட்டர் தேடுங்கள். 2022 விதித் திருத்தத்துக்குப் பிறகு, பாக்கெட் போடாமல் உதிரியாக விற்கும் ஆயத்த ஆடையில் எஸ், எம், எல் போடும்போது கூடவே சென்டிமீட்டர் அளவும் இருக்க வேண்டும். 38 இன்ச் என்றால் 96.5 செ.மீ. உங்கள் மூன்று அளவையும் செ.மீ. கணக்கில் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அளவெடுக்கும் முறை. இளைத்து வருகிறவர்கள் கண்ட நேரத்தில் அளந்தால் குழப்பம்தான் மிஞ்சும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும், உப்பு கூடின சாப்பாட்டுக்கு மறுநாளும், எடை ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். வயிறும் உப்பும். காலையில், வெறும் வயிற்றில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளந்தால் போதும். இடுப்புக்கு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப் வைத்து, மூச்சைச் சாதாரணமாக விட்ட நிலையில் படியுங்கள். வயிற்றை எக்க வேண்டாம். மார்பளவுக்கு, நீங்கள் வெளியே போகும்போது போடும் பிராவைப் போட்டுக்கொண்டே அளக்க வேண்டும். தளர்ந்த பிராவோடு அளந்தால் ஒரு இன்ச் வரை மாறும், மார்பின் உயரமும் கீழே இறங்கிக் காட்டும்.

பிரா சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பலருக்கு மார்புக்குக் கீழ்ச்சுற்று சீக்கிரம் குறையும். முதுகுப் பட்டி மேலே ஏறினால் பட்டி லூஸ் என்று அர்த்தம், தோள் பட்டையை இறுக்கிப் பயனில்லை. கொக்கியில் மூன்று வரிசை இருக்கும். புதியதை வெளி வரிசையில் சரியாக நிற்கிற மாதிரி வாங்குங்கள், இளைக்க இளைக்க உள் வரிசைக்குப் போகலாம். உள் வரிசையிலும் நிற்கவில்லை, ஆனால் கப் சரியாக இருக்கிறது என்றால், 38பியிலிருந்து 36சிக்குப் போக வேண்டும். கப்பின் கொள்ளளவு அதேதான், பட்டி மட்டும் சின்னது.

ஊசிநூல்:

ஆல்ட்ரேஷன் பக்கத்தை நான் எடுத்துக்கறேன் மா.

கடையில ஒரு குர்த்தியை எடுத்ததும் தோளைப் பாருங்க. தோள் தையல் எலும்பு மேலயோ, மிஞ்சிப் போனா அரை இன்ச் கீழயோ நிக்கணும். அதுக்கு மேல இறங்கினா அந்தத் துணியை விட்டுடுங்க. தோளைக் குறைக்கணும்னா கையைப் பிரிச்சு, கைக்குழியைத் திருப்பி வெட்டி, மறுபடி கையை ஏத்தணும். கூலியும் அதிகம், பாதிப் பேருக்கு கை மேல இழுக்கும். சைடு அப்படி இல்ல. ஒவ்வொரு சைடுலயும் அரை இன்ச் பிடிச்சா மொத்த சுற்றுல 2 இன்ச் குறையும். அதாவது ஒரு முழு சைஸ். இன்னும் 6, 7 கிலோவுக்குப் பொதுவா ஒரு சைஸ், சிலருக்கு ரெண்டு சைஸ் இறங்கும். அதனால தோள் இன்னைக்குச் சரியா இருக்கணும், மார்பு இன்னைக்குக் கச்சிதமா இருக்கணும். "இளைச்சதும் போட்டுக்கலாம்"னு சின்னது எடுக்காதீங்க. எந்த இடம் எவ்வளவு குறையும்னு யாராலயும் சொல்ல முடியாது.

பிடிக்கும்போது கை ஓரத்துல ஆரம்பிச்சு, அக்குள் வழியா, சைடு ஸ்லிட் வரைக்கும் ஒரே கோடா ஓடணும். மார்புல மட்டும் பிடிச்சா அக்குள்ல ஒரு முடிச்சு மாதிரி துருத்தும், கையைத் தூக்கினா மொத்தக் குர்த்தியும் ஏறும். ஸ்லிட்டோட மேல் முனையை 2 இன்ச் பிரிச்சுவிட்டு, தையலைச் சரிவா இறக்கி, மறுபடி மடிச்சு அடிக்கச் சொல்லுங்க. பல பேர் சோம்பல்ல இதைச் செய்ய மாட்டாங்க, சீட் பக்கத்துல துணி மடிஞ்சு நிக்கும். பிடிச்ச துணியை உள்ள வெட்டவும் விடாதீங்க. நீளத் தையல் போட்டு விட்டா தேவைப்படும்போது பிரிச்சுக்கலாம்.

ஒவ்வொரு சைடுலயும் ஒரு இன்ச்சுக்கு மேல பிடிக்க வேண்டி வந்தா, அதாவது மொத்தம் 4 இன்ச், அந்தத் துணி முடிஞ்சுது. டாட் (உடம்பு வளைவுக்காகப் பிடிக்கிற மடிப்புத் தையல்) ரெண்டும் அதோட இடத்துலயே நிக்கும், கழுத்து அகலமும் குறையாது, முன்னாடி குழி விழும். அதை யாருக்காவது கொடுத்துடுங்க.

ரேயான், காட்டன் வாங்கினா தண்ணியில நனைச்சுக் காயவெச்சதுக்கு அப்புறம்தான் ஆல்ட்டருக்குக் கொடுக்கணும். 44 இன்ச் நீளக் குர்த்தி 4 சதவீதம் சுருங்கினா ஒண்ணே முக்கால் இன்ச் போச்சு. முதல்ல பிடிச்சுட்டு அப்புறம் துவைச்சா ரெண்டும் சேர்ந்து இறுக்கும்.

எலாஸ்டிக் பேன்டுக்கு செலவே இல்ல. பட்டியில 2 இன்ச் பிரிச்சு, எலாஸ்டிக்கை வெளியே இழுத்து, உங்க இடுப்பை விட 2, 3 இன்ச் கம்மியா வெட்டிச் சேர்த்தா போதும். இந்த நேரத்துல நாடா வெச்ச சல்வார் எடுக்கிறது அதைவிட நல்லது.

முல்லைக்கொடி:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ரெண்டு சந்தேகம். ஜீன்ஸ்ல 34ன்னு போட்டது பட்டனே போட முடியல, ஆனா என் இடுப்பு 34தானே? அப்புறம், தங்கை கல்யாணம் தை மாசம். ஆரி வொர்க் பிளவுஸ் கொடுக்கணும். அதுக்குள்ள இன்னும் இளைச்சுடுவேன், இப்பவே கொடுக்கலாமா?

கட்டிங்டேபிள்_திருப்பூர்:

ஜீன்ஸ் பட்டி நீங்க டேப் வெச்ச இடத்துல உட்காராது. லோ வெயிஸ்ட்னா தொப்புளுக்கு ரெண்டு, மூணு இன்ச் கீழ. அங்க உங்க சுற்று 36, 37 இருக்கும். பட்டி உட்கார்ற இடத்துல அளந்து அதைக் கணக்கு வைங்க. கடையில ஜீன்ஸைத் தரையா விரிச்சு, முன் பட்டியும் பின் பட்டியும் மேல ஒண்ணா சேர்ற மாதிரி வெச்சு, குறுக்கே அளந்து ரெண்டால பெருக்குங்க. அதுதான் உண்மையான அளவு. முன்பக்கம் தாழ்ந்திருக்கிற மாதிரி விட்டு அளந்தா கணக்கு தப்பும்.

ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸ், அதாவது ஒண்ணு ரெண்டு சதவீதம் எலாஸ்டேன்ங்கிற இழுபடும் நூல் கலந்தது, போடப் போட பட்டி அரை இன்ச்சாவது விடும். அதனால வாங்கும்போது கொஞ்சம் பிடிப்பா இருக்கலாம். நூறு சதவீதக் காட்டன் டெனிம்ல அந்த தைரியம் வேண்டாம். இளைக்கிற காலத்துல ஒரே ஒரு ஜீன்ஸ் போதும். இடுப்பை ஒன்றரை, 2 இன்ச்சுக்கு மேல குறைச்சா பின் பாக்கெட் ரெண்டும் நடுவுல வந்து ஒட்டிக்கும்.

ஊசிநூல்:

ஆரி பிளவுஸுக்கு அவசரப்படாதீங்க மா. ஆரி போடறது தைக்கிறதுக்கு முன்னாடி, சட்டத்துல துணியை இழுத்துக் கட்டி, உங்க அளவுக்கு வரைஞ்ச கோட்டுக்குள்ள. அளவு மாறினா வொர்க் தையலுக்குள்ள போயிடும். மணி மேல மிஷின் ஊசி பட்டா ஊசி உடையும், மணி நொறுங்கும், கல் உதிரும்.

இப்ப டிசைனும் நூல் கலரும் முடிவு பண்ணுங்க. ஆரிக்கு அவங்க கேட்கிற நாள், தையலுக்குப் பத்து நாள், போட்டுப் பார்க்க ஒரு வாரம், இதைக் கல்யாணத் தேதியிலிருந்து பின்னாடி எண்ணி, அந்த நாள்ல அளவு கொடுங்க. பழைய அளவு பிளவுஸை மட்டும் கொடுத்துட்டு வராதீங்க, உடம்புல எடுக்கச் சொல்லுங்க. வரையும்போதே கையோட அடித்தையலுக்கு ரெண்டு பக்கமும் ஒரு இன்ச், சைடுல ஒன்றரை இன்ச் வொர்க் இல்லாம வெறும் துணியா விடணும்னு சொல்லிடுங்க. கழுத்து வொர்க் மாத்த முடியாதது. அதனால பின் கழுத்தை ரொம்ப அகலமா வைக்காம, கயிறு வெச்சுக்கோங்க. தோள் நழுவினா அதை இறுக்கினா நிக்கும். முன் கொக்கியில ரெண்டாவதா ஒரு வரிசை வளையம் கால் இன்ச் தள்ளி வெச்சா கடைசி வாரத்துக்கும் கைகொடுக்கும்.

வெள்ளைக்காலர்:

ஆம்பளைங்க யாராவது படிச்சா: ஃபார்மல் சட்டையில 38, 39, 40, 42ன்னு வர்றது கழுத்துச் சுற்று, சென்டிமீட்டர்ல. குர்த்தாவுல 40ன்னா மார்பு, இன்ச்ல. ரெண்டையும் ஒண்ணா நினைச்சு வாங்கறவங்கதான் அதிகம். இளைச்சா கழுத்து மெதுவாத்தான் குறையும், வயிறு முன்னாடியே போயிடும். காலர் பட்டன் போட்டு ரெண்டு விரல் நுழைஞ்சா அந்த நம்பர்லயே இருந்துகிட்டு, ரெகுலர் ஃபிட்ல இருந்து ஸ்லிம் ஃபிட்டுக்கு மாறுங்க. பழைய சட்டையில முதுகுப் பக்கம் ரெண்டு டாட் பிடிச்சா சைடைத் தொடாமலே 2 இன்ச் குறையும். ஃபார்மல் பேன்டுல பின் நடுத்தையல்ல கூடுதல் துணி இருக்கும், அங்க 2 இன்ச் பிடிக்கலாம், அப்புறம் தேவைன்னா விடவும் செய்யலாம்.