வர்த்தக வலயக் கம்பனி தீர்வையின்றி இறக்கிய பாவித்த டபுள் கெப்: வாங்கினால் வரும் சட்டச் சிக்கல்கள் என்ன?

கேள்வி: நாற்றுமேடை (கந்தப்பளை)

கந்தப்பளையில் மரக்கறிச் செய்கையுடன் சிறிய நாற்றுமேடை ஒன்றையும் நடத்தி வருகிறேன். மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதைகளில் ஏறி இறங்கவும், தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குச் சரக்குக் கொண்டுபோகவும் டீசல் டபுள் கெப் ஒன்று தேவைப்படுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு ஏறிய பாவித்த வாகனங்களின் விலை, 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்த பின்னரும் என் கைக்கு எட்டும் அளவுக்கு இறங்கவில்லை. இந்நிலையில் கண்டியிலுள்ள விற்பனையாளர் ஒருவர் காட்டிய வாகனம், அதே ஆண்டில் தயாரான மற்ற வாகனங்களைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

விலைக் குறைவுக்கான காரணத்தை அவர் மறைக்கவில்லை. கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் இயங்கிய ஏற்றுமதிக் கம்பனி ஒன்று, முதலீட்டுச் சபையுடன் செய்த ஒப்பந்தத்தின் கீழ் தீர்வை செலுத்தாமல் இறக்கிய வாகனம் அது. பதிவுச் சான்றிதழ் இன்றும் அந்தக் கம்பனியின் பெயரிலேயே இருக்கிறது. விசேட குறிப்புப் பகுதியில், அனுமதியின்றி உரிமை மாற்றக் கூடாது என்ற பொருளில் ஒரு வரி காணப்படுகிறது. பணிப்பாளர் ஒருவர் திகதியிடாமல் கையொப்பமிட்ட உரிமை மாற்றப் படிவமும், விற்பனையாளரின் பெயருக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட அற்றோர்னித் தத்துவமும் (கம்பனியின் சார்பில் செயற்பட அதிகாரமளிக்கும் பத்திரம்) அவரிடம் உள்ளன. வருமான அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் தடையின்றிப் புதுப்பிக்கப்பட்டிருப்பதால் பயப்பட எதுவும் இல்லை என்றும், ஓபன் பேப்பரில், அதாவது பெயரை மாற்றாமலே, ஓட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சில வருடங்கள் கழித்துப் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்றும் அவர் கூறுகிறார்.

இப்படி வாங்கினால் சட்டப்படி எனக்குக் கிடைக்கும் உரிமை என்ன? பின்னொரு நாளில் சுங்கத் திணைக்களம் வாகனத்தைப் பிடித்தால், முழுப் பணமும் கொடுத்து வாங்கியவன் என்ற வகையில் எனக்குப் பாதுகாப்பு உண்டா? விடயம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: பழைய துறைமுகத்தான் (புசல்லாவை)

தம்பி, கொழும்பில் சரக்கு விடுவிப்பு முகவர் நிலையமொன்றில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்பதால் சுங்கத்துப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன். சட்டத்துப் பக்கத்தைச் சட்டத்தரணிகள் யாராவது எழுதட்டும்.

கட்டுநாயக்க வலயம் 1978ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்துடன் உருவானது. அந்தச் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் செய்துகொள்ளும் கம்பனி தீர்வையின்றி எதை இறக்கினாலும், அது அந்தக் கம்பனியின் அனுமதிக்கப்பட்ட தொழிலுக்கே பயன்பட வேண்டும் என்பது நிபந்தனையாகும். பொருளை உள்ளூர்ச் சந்தையில் விற்பதாயின் முதலீட்டுச் சபையின் ஒப்புதலைப் பெற்று, சுங்கம் கணிக்கும் தீர்வையையும் வரிகளையும் செலுத்திய பின்னரே விற்க வேண்டும். வாகனம் எத்தனை கை மாறினாலும் இந்த நிபந்தனை அதனுடனேயே போகும். இடையில் எழுதப்படும் எந்தத் தனியார் ஒப்பந்தமும் அதைக் கழற்றிவிடாது.

வருமான அனுமதிப்பத்திரத்தைக் காட்டித் தைரியம் சொல்வது வியாபாரிகளின் பழைய வழக்கம். அந்தப் பத்திரம் மாகாண அதிகாரத்தின் கீழ், பிரதேச செயலகத்தில் காப்புறுதியையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் பார்த்து வழங்கப்படுவது. தீர்வை கட்டப்பட்டதா என்று அந்தக் கருமபீடத்தில் யாரும் கேட்பதில்லை. எனவே பத்து வருடப் பத்திரங்களை அடுக்கி வைத்தாலும் அவை சுங்கத்துக்கு எதையும் நிரூபிக்காது.

பார்க்க வேண்டிய தாள் சுங்கப் பிரகடனம், அதாவது எங்கள் தொழிலில் கஸ்டெக் என்று சொல்வது. அதன் 47ஆம் கூட்டில் ஒவ்வொரு வரியும் தனித்தனியாகக் காட்டப்பட்டிருக்கும். எது செலுத்தப்பட்டது, எது விலக்களிக்கப்பட்டது என்பது அங்கேயே தெரிந்துவிடும். பதிவுச் சான்றிதழில் குறிப்பு எதுவும் இல்லாத வாகனத்துக்கும் இந்தத் தாளைக் கேட்டு, அதிலுள்ள செசி இலக்கத்தை வண்டியின் இரும்பில் பொறித்திருக்கும் இலக்கத்துடன் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

விலையையும் ஒரு கணம் யோசியுங்கள். நம் நாட்டில் வாகனமொன்றின் மீது சுங்கத் தீர்வை, 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான உற்பத்தி வரி, பெறுமதி சேர் வரி என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழும் தொகை, பல சமயங்களில் வாகனத்தின் கப்பல் விலையையே தாண்டிவிடும். அவ்வளவும் கட்டப்படாத வண்டிக்கு உங்களுக்குக் கால்பங்குதான் குறைக்கிறார்கள் என்றால், மிச்ச இலாபம் யாருக்கோ போகிறது, ஆபத்து முழுவதும் உங்களுக்கு வருகிறது.

பதில்: பண்டாரவளைக்காரன்

மேலே எழுதியவரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் சற்று அதிகமாகப் பயமுறுத்துகிறார் என்றே நினைக்கிறேன். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் சலுகைப் பெர்மிட்டில் இறக்கிய காரை, உரிமை மாற்றத் தடைக்காலம் முடியும் முன்பே அற்றோர்னித் தத்துவத்தில் வாங்கி, காலம் முடிந்ததும் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். இடையில் யாரும் என்னைத் தடுத்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

பதில்: மலையகச் சட்டத்தரணி (நுவரெலியா)

பண்டாரவளை நண்பர் கூறியது நடந்திருக்கலாம். ஆனால் அவருடைய வாகனமும் கேள்வியில் உள்ள வாகனமும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரிமை மாற்றத்தைத் தடுக்கும் பெர்மிட்டில், அந்தக் காலம் கழிந்ததும் தடை விலகக் கூடும். வலயக் கம்பனியின் வாகனத்திலோ வரி செலுத்தி அனுமதி பெறும்வரை தடை நிற்கும். "சில வருடங்கள் கழித்து" என்று விற்பனையாளர் சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை. அதுவுமன்றி, அந்த நண்பரின் காரை விற்ற உத்தியோகத்தர் இடையில் இறந்திருந்தால் அற்றோர்னித் தத்துவம் அன்றே செயலிழந்திருக்கும். கார் அவருடைய ஆதனத்தில் சேர்ந்து வாரிசுகளிடம் போயிருக்கும்.

இனிக் கேள்விக்கு வருகிறேன். சுங்கக் கட்டளைச் சட்டத்தில் பறிமுதல் என்பது பொருளின் மீது விழும் விளைவு. அது யாருடைய கையில் இருக்கிறது என்பதைப் பார்த்து விழுவதில்லை. ஆகவே பணம் கொடுத்தவன், நல்லெண்ணத்தில் வாங்கியவன் என்பன வாகனத்தைத் தாமாகவே காப்பாற்றிவிடா. தீர்வை செலுத்தப்பட்டதா என்ற தகராறு எழுந்தால், 152ஆம் பிரிவின்படி செலுத்தப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு உரிமை கோருபவருக்கே உரியது. கைப்பற்றப்பட்ட பொருளுக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்தில் உரிமை கோரிப் பிணையும் கொடுக்கத் தவறினால், 154ஆம் பிரிவின் கீழ் அது அரசுக்குப் போய்விட்டதாகவே கருதப்படும். தீர்வை செலுத்தப்படாத பொருள் என்று அறிந்தும் அதைத் தம்மிடம் வைத்திருப்போருக்கு, 129ஆம் பிரிவு பொருளின் பெறுமதியைப் போல் மும்மடங்குத் தண்டம் வரை இடமளிக்கிறது. நீங்கள் அந்த விசேட குறிப்பை ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். எனவே அறியாமல் வாங்கினேன் என்ற வாதம் உங்களுக்குக் கிடைக்காது.

இரண்டாவது சிக்கல் கம்பனியைப் பற்றியது, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. "இயங்கிய" கம்பனி என்று எழுதியிருக்கிறீர்கள். அது கலைக்கப்பட்டுக்கொண்டிருந்தால் அதன் சொத்தை விற்கும் அதிகாரம் கலைப்பாளரிடம் இருக்கும்; பழைய பணிப்பாளரின் திகதியற்ற கையொப்பத்தைக் கொண்டு கலைப்பாளரை எதிர்க்க முடியாது. இயங்கிக்கொண்டே இருந்தாலும், கையொப்பமிட்டவர் அந்த நாளில் பணிப்பாளராக இருந்தாரா, விற்பனைக்குப் பணிப்பாளர் சபையின் தீர்மானம் உண்டா, வாகனத்தின் மீது வங்கிப் பொறுப்பு ஏதும் பதிவாகியுள்ளதா என்பவற்றைக் கம்பனியிடமும் கம்பனிப் பதிவாளரிடமும் தேடிப் பார்க்க வேண்டும். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் அடிப்படையில், தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது.

சாதாரணமாக, வாங்கிய பொருளின் உரிமை பறிபோனால் விற்றவரிடமிருந்து விலையைத் திரும்பக் கோரி வழக்குப் போடலாம். ஆனால் சுங்க நிபந்தனையை மறைத்து வாகனத்தைக் கைமாற்றுவதே நோக்கம் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தால், அவ்வொப்பந்தம் சட்டவிரோத நோக்கம் கொண்டது என்று எதிராளி வாதாடுவார். அப்போது நீதிமன்றம் உங்களுக்கு உதவ மறுக்கக் கூடும். ஓபன் பேப்பர் முறையின் மிகப் பெரிய ஆபத்தாக நான் கருதுவது இதைத்தான்.

நாற்றுமேடை (கந்தப்பளை)

ஐயா இருவருக்கும் நன்றி. வாகனம் நல்ல நிலையில் இருப்பதால் விட்டுவிட மனம் வரவில்லை. உரிய தீர்வையைக் கட்டியே வாங்குவதாயின் எந்த ஒழுங்கில் செல்ல வேண்டும்? பல்லேகலையிலும் முதலீட்டுச் சபையின் கைத்தொழில் பூங்கா இருப்பதால் அங்கே நானே விண்ணப்பிக்கலாமா?

பதில்: பழைய துறைமுகத்தான் (புசல்லாவை)

நீங்கள் விண்ணப்பிக்க முடியாது தம்பி. விலக்கைப் பெற்றது கம்பனி என்பதால் கம்பனியோ, கலைப்பில் இருந்தால் கலைப்பாளரோதான் தனக்கு ஒப்பந்தம் வழங்கிய சபைக்கு எழுத வேண்டும். சபையின் ஒப்புதல் கிடைத்த பிறகு சுங்கம் பெறுமதியைக் கணித்து வரித்தொகையை அறிவிக்கும். அது செலுத்தப்பட்டதும் சுங்கத்தின் கடிதத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கொடுத்துக் குறிப்பை நீக்க வேண்டும். குறிப்பு நீங்கிய சான்றிதழைக் கண்ணால் பார்த்த பின்னரே விலையைக் கொடுங்கள். இடைப்பட்ட காலத்தில் முற்பணம் கேட்டால், சிறு தொகையை மட்டும் உங்கள் சட்டத்தரணியின் பொறுப்பில், வங்கி வழியாக வையுங்கள்.

வரித்தொகை எவ்வளவு என்று தெரிவதற்கு முன் விலை பேசாதீர்கள். அந்தத் தொகையும் கேட்கும் விலையும் சேர்ந்து சந்தை விலையைத் தாண்டுமானால், வில்லங்கமில்லாத வண்டியொன்றை அதே காசுக்கு வாங்கிவிடலாம். கம்பனியின் பெயரையும் பதிவு இலக்கத்தையும் விற்பனையாளரிடம் இன்றே கேளுங்கள். கம்பனியில் பேசக்கூடிய ஆளே இல்லை என்று அவர் சொன்னால், விண்ணப்பிக்க ஆளில்லை என்றுதான் அதற்கு அர்த்தம், அந்தப் பேரத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

பதில்: லீசிங் கணக்கன் (பதுளை)

நிதி நிறுவனத்தில் பணியாற்றுபவன் என்ற முறையில் இரண்டு விடயங்களைச் சேர்க்கிறேன். இத்தகைய குறிப்புள்ள வாகனத்துக்கு எங்கள் கிளையில் லீசிங் வழங்குவதில்லை; நிறுவனத்தை முழு உரிமையாளராகப் பதிவதற்குத் திணைக்களத்தில் பெயர் மாற்றம் நடக்க வேண்டுமே. மற்றையது காப்புறுதி. மூன்றாந்தரப்புக் காப்புறுதி இல்லாமல் வண்டியைப் பாதையில் இறக்கவே முடியாது என்பதால் ஏதோவொரு பத்திரம் கிடைத்துவிடும். ஆனால் இறம்பொடைப் பக்கம் மண் சரிந்து உங்கள் வண்டி நசுங்கினால், வண்டிக்கான இழப்பீட்டைக் கோரும்போது பதிவில் இல்லாத உங்களுக்கு அதில் என்ன உரித்து என்று காப்புறுதி நிறுவனம் கேட்கும். முன்மொழிவுப் படிவத்தில் உரிமையாளர் யார் என்று எழுதும் இடத்தில் உண்மைக்குப் புறம்பாக எதையும் எழுதாதீர்கள். அந்த ஒரு வரியைக் காட்டியே முழுக் கோரிக்கையையும் நிராகரிக்க அவர்களுக்கு வழி உண்டு.